காடியில் ஊறும் வெங்காயம்

ஊறுகாய் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் மக்களின் நினைவில் எழுவன பீங்கான் ஜாடியும், மொட்டை மாடி வெயிலும், கல் உப்பும், நல்லெண்ணெயுமாகும். மாவடு, எலுமிச்சை, நார்த்தங்காய் என எதை எடுத்துக்கொண்டாலும் அது பக்குவமடையப் பல நாள்கள் வேண்டும். பக்குவமடைந்த பின்னர் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆண்டிற்கு ஒருமுறை போட்டு வைத்து ஆண்டு முழுவதும் எடுத்து உண்ணும் இவ்வழக்கம், பெரிய வீடும் பெரிய குடும்பமும் நல்ல வெயிலும் ஒருங்கே அமைந்த இடங்களில் வளர்ந்த வழக்கமாகும்.

தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் தில்லி, மும்பை, கொல்கத்தா, அகமதாபாத் போன்ற நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இவ்வசதிகள் எளிதில் வாய்ப்பதில்லை. அடுக்கு மாடிக் கட்டடத்தில் இரண்டு அறைகளில் குடியிருப்போர்க்கு மாடி வெயிலின்மீது உரிமை இல்லை. தில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பனிமூட்டம் பல நாள்கள் கதிரவனை மறைத்துவிடுகிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையின் ஈரம் உப்பையே கசிய வைத்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர் இருவரோ மூவரோ ஆயின், பெரிய ஜாடி நிறைய ஊறுகாய் போடுவானேன் என்ற எண்ணமும் எழுகிறது. இத்தகைய இல்லங்களுக்கு ஏற்றதொரு சிறு பண்டம் வட நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சிர்க்கே வாலா பியாஜ் என்று பஞ்சாபிலும் தில்லியிலும் அழைக்கப்படும் காடி வெங்காயமே அது. தில்லியிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை உணவு விடுதிகளில் தந்தூரி ரொட்டியோடும் பருப்போடும் ஒரு சிறு கிண்ணத்தில் செந்நிற வெங்காயம் வைப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம், விரும்பி உண்டுமிருப்போம். அதை வீட்டில் செய்வது எவ்வாறு, அது கெடாமலிருப்பது எதனால், எப்பொழுது கெடும் என்ற மூன்றையும் இவ்வுரையில் ஆராய்வோம்.

செய்முறை மிகவும் எளிது. அடுப்பின்மேல் ஐந்து நிமிட வேலை. அரை மணி நேரம் பொறுத்தால் உண்ணலாம். ஆயினும் இந்த எளிமையில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. பார்வைக்கு இதுவும் ஊறுகாய் போலவே இருப்பதால், நம் பழைய ஊறுகாயைப் போலவே இதனையும் அலமாரியில் வைத்து மாதக்கணக்கில் உண்ணலாம் என்று சிலர் கருதிவிடுகின்றனர். அக்கருத்து தவறானது, சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைக்கக் கூடியது. எனவே இவ்விரு வகை ஊறுகாய்களுக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் தெளிவாக்கிக்கொள்வோம்.

எலுமிச்சையும் மாங்காயும் தமக்குரிய புளிப்பைத் தாமே கொண்டுவருகின்றன. அந்தப் புளிப்போடு நாம் மிகுதியாகச் சேர்க்கும் உப்பும், வெயிலில் நீர் வற்றுவதும் கூடி, கேடு விளைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே பெருகாதபடி தடுத்துவிடுகின்றன. மேலே நிற்கும் எண்ணெய் காற்றையும் பூஞ்சணத்தையும் விலக்குகிறது. வெங்காயத்தின் நிலை வேறு. அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர். புளிப்போ மிகக் குறைவு. புளிப்பின் அளவைக் குறிக்க அறிவியலார் பி.எச். என்னும் அளவையைக் கையாளுகின்றனர். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு ஏறத்தாழ 2. வெங்காயத்தின் அளவோ 5க்கும் 6க்கும் இடைப்பட்டது. ஆகவே வெங்காயத்தைக் காக்க வேண்டிய புளிப்பு முழுவதையும் வெளியிலிருந்து நாமே கொடுத்தாக வேண்டும். அதனைக் கொடுப்பது காடி. அந்தக் காவலுக்குத் துணை நிற்பது குளிர். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் காவல் தளர்ந்துவிடும். இவ்வுரையில் நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய அடிப்படைக் கருத்து இதுவே.

காடி என்பது தமிழில் பழைய சொல். புளித்த கஞ்சியையும், புளித்து அமிலமாக மாறிய நீரையும் அது குறிக்கும். இன்று நாம் வினிகர் என்றும், வட நாட்டார் சிர்கா என்றும் வழங்குவது இதையே. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் கரும்புச் சாற்றைப் புளிக்க வைத்துக் காடி செய்வர். நாவற்பழக் காடியும் அங்கே பெயர் பெற்றது. கோவாவில் தென்னங்கள்ளைப் புளிக்க வைத்து எடுத்த காடியைச் சமையலில் சேர்ப்பர். இவை யாவற்றிலும் புளிப்பைத் தருவது அசெட்டிக் அமிலம் என்னும் ஒரே பொருள்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, விற்பனைக்கு வரும் காடியில் நூறு மில்லி லிட்டருக்கு 3.75 கிராமிற்குக் குறையாமல் இவ்வமிலம் இருத்தல் வேண்டும். புளிக்க வைத்துச் செய்யாமல், அசெட்டிக் அமிலத்தை நீரில் கலந்து செய்ததாயின், அது செயற்கைக் காடி என்பதைப் புட்டியின்மீது குறிப்பிடவும் வேண்டும். எந்த வகையை வாங்கினாலும் சீட்டில் அமிலத்தின் அளவு எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். நம் கடைகளில் பெரும்பாலும் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு அமிலமுள்ள காடி கிடைக்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். ஒன்று, சிற்றூர்களிலும் சாலையோரங்களிலும் வீட்டுத் தயாரிப்பாக விற்கப்படும் காடி சுவையில் சிறந்ததாக இருக்கலாம். ஆனால் அதிலுள்ள அமிலத்தின் அளவு விற்பவர்க்கும் தெரியாது, வாங்குபவர்க்கும் தெரியாது. அன்றைக்கே உண்ணும் வெங்காயத்தில் அதைத் தெளிக்கலாம். வைத்திருந்து உண்ணும் வெங்காயத்திற்கு அதை நம்புவதற்கில்லை. மற்றொன்று, செறிந்த அசெட்டிக் அமிலத்தை மலிவாக வாங்கி வீட்டில் நீர் கலந்து காடி செய்ய எவரும் முற்படலாகாது. அது தோலையும் கண்ணையும் தொண்டையையும் எரித்துப் புண்ணாக்கும் பொருள்.

இனி வெங்காயத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். சந்தையில் கேட்டு வாங்குவதற்கு அந்தந்த மொழிச் சொல்லை அறிந்திருத்தல் நன்று. இந்தியில் பியாஜ், வங்காளத்தில் பேயாஜ், மராத்தியில் காந்தா, குஜராத்தியில் டூங்களி, கன்னடத்தில் ஈருள்ளி, தெலுங்கில் உல்லிபாய என்பன அதன் பெயர்கள். மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் உள்ள லாசல்காவ் சந்தை, வெங்காய வாணிகத்தில் நாடறிந்த பெயர் பெற்றது. குளிர்காலத்தில் நட்டு மார்ச் முதல் மே வரை எடுக்கும் வெங்காயம் நன்கு உலர்ந்து இறுகியிருக்கும்; மாதக்கணக்கில் சேமித்து வைக்க உதவுவதும் அதுவே. மழைக்காலப் பயிராக வந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைப்பதில் நீர் மிகுதி, விரைவில் அழுகும். இரண்டையும் காடியில் இடலாம். ஆயினும் நீர் மிகுந்த வெங்காயம் காடியை மேலும் நீர்க்கச் செய்யுமாதலால், அக்காலத்தில் காடியோடு சேர்க்கும் நீரைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது.

பஞ்சாபி உணவு விடுதிகளில் பெரிதும் பயன்படுவது, முழுதாகவே ஊற வைக்கத்தக்க சிறிய உருண்டை வெங்காயம். நம் சாம்பார் வெங்காயமும் இதற்கு மிகப் பொருத்தமானதே. மும்பையில் மாதுங்காவிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டிலும், தில்லியில் ஐ.என்.ஏ. சந்தையிலும் தென்னாட்டுப் பண்டங்கள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். பெங்களூரைச் சூழ்ந்த பகுதிகளில் விளையும் ரோஜா வெங்காயம் ஆழ்ந்த செந்நிறமுடையது. புவிசார் குறியீடு பெற்றது. காடியில் இட்டால் நிறம் மிக அழகாக அமையும். இவை கிடைக்காவிடின் நாள்தோறும் வாங்கும் சிவந்த பெரிய வெங்காயமே போதும். அதை மெல்லிய வளையங்களாக நறுக்கிக்கொள்ள வேண்டும். எதுவாயினும் கழுத்து உலர்ந்து, அழுத்தினால் அமுங்காமல், முளை விடாமல் இருக்கட்டும். மேல்தோலின் கீழ்க் கரிய பொடி போன்ற பூஞ்சணம் படிந்திருந்தால், அந்தப் படலங்களை நீக்கிக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். உட்படலம் வரை பரவியிருந்தால் அந்த வெங்காயத்தை விலக்கிவிட வேண்டும்.

இனிச் செய்முறை. மூவர் அல்லது நால்வர் உள்ள குடும்பத்திற்கு ஒரு வாரத்திற்குப் போதுமான அளவு இது. உரித்து நறுக்கிய வெங்காயம் 300 கிராம், நூற்றுக்கு 4 பங்கு அமிலமுள்ள காடி 240 மில்லி லிட்டர், நீர் 120 மில்லி லிட்டர், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி ஆகியன வேண்டும். மணத்திற்குப் பத்து மிளகு, இரண்டு இலவங்கம், ஒரு சிறு துண்டு இலவங்கப்பட்டை, கீறிய பச்சை மிளகாய் ஒன்று ஆகியவற்றைச் சேர்க்கலாம். வெள்ளை வெங்காயமாயின் நிறத்திற்கு இரண்டு மெல்லிய பீட்ரூட் வில்லைகள் போதும். நம் நாவிற்கு இசைந்த மணம் வேண்டுமானால் பட்டையையும் இலவங்கத்தையும் விட்டுவிட்டு, ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் நன்கு கழுவிய கறிவேப்பிலை ஓர் ஈர்க்கும் சேர்த்துக்கொள்ளலாம். கடுகு தாளித்த எண்ணெயை மட்டும் இதில் ஊற்றக் கூடாது. அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

முக்கால் லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் புட்டி ஒன்றை, மூடியோடு, சோப்பிட்டுக் கழுவி வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலர வைக்க வேண்டும். கைகளையும் கத்தியையும் நறுக்கும் பலகையையும் தூய்மை செய்து, வெங்காயத்தை உரித்து நறுக்கிப் புட்டியில் இட வேண்டும். சாம்பார் வெங்காயமாயின், முழுதாகவே இடலாம். அடியில் ஒரு சிறு கீறல் போட்டால் காடி விரைவில் உட்புகும். பின்னர்க் காடி, நீர், உப்பு, சர்க்கரை, மணப்பொருள்கள் ஆகிய எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும். சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்க. கொதிக்கும் காடியின் ஆவி மூக்கையும் கண்ணையும் உறுத்தும். இரண்டு நிமிடம் ஆறிய பின், புட்டி விரிசல் விடாதிருக்க முதலில் சிறிதளவு ஊற்றிப் புட்டியைச் சூடாக்கி, அதன்பின் மீதியை ஊற்ற வேண்டும். ஒரு கரண்டியால் அழுத்தி, வெங்காயம் முழுவதும் காடிக்குள் மூழ்கியிருக்கும்படி செய்ய வேண்டும். சூடு தணிந்ததும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் விட்டுவைக்கலாகாது.

மெல்லியதாக நறுக்கிய வெங்காயம் அரை மணியில் உண்ணத் தகுந்ததாகும். மறுநாள் சுவை மேலும் நன்றாக அமையும். முழு வெங்காயத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள்கள் வேண்டும்.

புட்டிக்குள் நிகழ்வது யாது என்பதையும் அறிந்துகொள்வோம். வெங்காயத்தை நறுக்கும்போது கண்ணீர் வருவது எல்லாரும் அறிந்ததே. அதன் உயிரணுக்களில் கந்தகம் கலந்த பொருள்கள் ஓரறையிலும், அவற்றைச் சிதைக்கும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. கத்தி பட்டதும் இடைச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன; கண்ணை உறுத்தும் ஆவி பிறக்கிறது. இந்த ஆவியை உண்டாக்குவதற்கென்றே தனியாக மற்றொரு நொதியும் உண்டென்பதை 2002ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்து வெளியிட்டனர். சூடான காடி வெங்காயத்தின்மேல் விழுந்ததும் வெப்பத்தாலும் அமிலத்தாலும் இந்நொதிகளின் வேலை அடங்குகிறது. முன்னரே உண்டான காரப் பொருள்களில் ஒரு பகுதி நீரில் கரைந்து வெளியேறுகிறது. பச்சை வெங்காயத்தின் முரட்டுக் காரம் தணிந்து, இனிப்பும் மொறுமொறுப்பும் எஞ்சுவது இதனால்தான். உப்பும் சர்க்கரையும் வெங்காயத்திலுள்ள நீரை வெளியே இழுக்கின்றன. காடி உள்ளே செல்கிறது.

செந்நிறம் பொலிவடைவதற்கும் அமிலமே காரணம். சிவந்த வெங்காயத்தின் நிறப்பொருள் ஆந்தோசயனின் எனப்படும். புளிப்பில் அது ஒளிரும் இளஞ்சிவப்பாகும்; காரத்தன்மையுள்ள நீரில் நீலம் பாய்ந்துவிடும். பீட்ரூட்டின் நிறப்பொருள் இதனின் வேறானது. ஆயினும் அதுவும் புளிப்பில் நிறம் மாறாமல் நிற்கும். சிலர் ஓரிரு பூண்டுப் பற்களையும் காடியில் இடுவதுண்டு. அப்பற்கள் நீலமாகவோ பச்சையாகவோ மாறக் கூடும். அதுவும் பூண்டிலுள்ள கந்தகப் பொருள்கள் அமிலத்தில் அடையும் மாற்றமேயன்றி நஞ்சன்று.

அளவில் நாம் ஏன் இத்துணைக் கண்டிப்பாக இருக்கிறோம் என்று நேயர்கள் வினவலாம். ஒரு சிறு கணக்கினால் அது விளங்கும். மேலே சொன்ன 240 மில்லி லிட்டர் காடியில் உள்ள அமிலம் 9.6 கிராம். அதோடு 120 மில்லி லிட்டர் நீரும், 300 கிராம் வெங்காயத்திற்குள் இருக்கும் ஏறத்தாழ 270 கிராம் நீரும் சேர்ந்தால் மொத்தம் 630 ஆகிறது. எனவே முற்றிலும் ஊறிக் கலந்தபின் எஞ்சும் அமிலம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். புளிப்பு மிகுதியாக இருக்கிறதென்று கருதி, காடியையும் நீரையும் இடம் மாற்றி 120 மில்லி லிட்டர் காடியும் 240 மில்லி லிட்டர் நீருமாகச் சேர்த்தால், அந்த ஒன்றரைப் பங்கும் பாதியாகிவிடும். நூற்றுக்கு 5 பங்கு அமிலமுள்ள காடி கிடைத்தால் காடியும் நீரும் சம அளவாகச் சேர்க்கலாம். அதற்குமேல் நீர் சேர்ப்பது தகாது. புளிப்பைத் தணிக்க விரும்புவோர் சர்க்கரையைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். இரத்தக் கொதிப்பு உடையவர் உப்பைக் குறைக்கலாம்; நீரிழிவு உடையவர் சர்க்கரையை விட்டுவிடலாம். இவ்வெங்காயத்தைக் காப்பவை அமிலமும் குளிரும் ஆதலால், உப்பையும் சர்க்கரையையும் குறைப்பதால் தீங்கில்லை. காடியை மட்டும் குறைக்கலாகாது.

காடியைக் குறைத்தால் விளையும் தீங்கு யாது? மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள், மண்ணில் விளையும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் அவ்வித்துகள் முளைத்துப் பெருகி, பாட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்திவிட வல்லது. நஞ்சு கலந்த உணவு மணத்தினாலோ நிறத்தினாலோ தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்னும் ஊரில், கொழுப்பில் வதக்கி மூடி வைத்திருந்த வெங்காயத்தை ஓர் உணவகத்தில் உண்ட 28 பேர் இந்நஞ்சினால் தாக்குண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வெங்காயத்தின்மேல் படிந்த கொழுப்பு காற்றை விலக்கிற்று, புளிப்பு இல்லை, சூடும் போதிய அளவு இல்லை. நஞ்சு வளர இம்மூன்றுமே போதுமாயின.

பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் அவ்வித்துகள் முளைப்பதில்லை. நாம் கூறிய அளவில் காடி சேர்த்தால் இந்த எல்லைக்கு வெகு கீழே நிற்போம். காடி வெங்காயத்தில் தாளித்த எண்ணெயை ஊற்ற வேண்டாம் என்று மேலே கூறியதன் காரணமும் இப்பொழுது விளங்கும். எண்ணெய் படிந்த துண்டிற்குள் காடி செவ்வையாகப் புகுவதில்லை, காற்றும் புகுவதில்லை. தாளிதம் விரும்புவோர், உண்ணும் வேளையில் கிண்ணத்தில் எடுத்துக்கொண்ட அளவிற்கு மட்டும் தாளித்துக் கொட்டிக்கொள்ளட்டும். அவ்வாறே எலுமிச்சைச் சாறு பிழிந்து ஊற வைக்கும் வெங்காயமும் நல்லதே. ஆயினும் பழத்திற்குப் பழம் புளிப்பும் சாறும் மாறுபடுமாதலால் அதனை அன்றைக்கே உண்டு முடித்துவிட வேண்டும்.

அடுத்துக் குளிரைப் பற்றிக் கூறுவோம். பெட்டியின் உள்வெப்பம் 4 டிகிரி செல்சியசு அளவிலோ அதற்குக் கீழோ இருத்தல் வேண்டும். அடிக்கடி திறக்கப்படும் கதவுப் பக்கத் தட்டில் வெப்பம் ஏறியிறங்கும்; ஆகவே உள்தட்டில் வைப்பதே முறை. இவ்வாறு வைத்தால் நறுக்கிய வெங்காயம் இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். அதற்குமேல் வைத்திருப்பதற்குக் காரணமும் இல்லை. அரை மணியில் புதிதாகச் செய்துகொள்ளலாமே! வட மாநில நகரங்களில் கோடையில் மின்சாரம் சில மணி நேரம் நின்றுபோவதுண்டு. அத்தகைய வேளையில் பாலும் சமைத்த உணவும் கெடுவது போல இது உடனே கெட்டுவிடாது; அமிலம் அதுவரை காத்து நிற்கும். பெட்டியைத் திறவாமல் இருந்து, மின்சாரம் வந்ததும் மீண்டும் குளிர விட்டால் போதும். ஒரு நாள் முழுவதும் மின்சாரம் இல்லாதிருப்பின் அதனைக் கொட்டிவிடுவதே நன்று. விலை சில ரூபாய்தான்.

இக்காரணத்தினாலேயே இவ்வெங்காயத்தை நெடும் பயணத்தில் கொண்டு செல்லுதல் கூடாது. தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்வோர் ஒன்றரை நாள் வழியிலிருக்க வேண்டும். அப்பயணத்திற்கு உகந்தது நம் பழைய எலுமிச்சை ஊறுகாயே. காடி வெங்காயம் அலுவலகத்திற்கோ பள்ளிக்கோ எடுத்துச் செல்லும் மதிய உணவோடு, அன்றைய அளவிற்குச் சிறு டப்பாவில் செல்லட்டும்.

பாத்திரத்திலும் கருத்து வேண்டும். அலுமினியம், பித்தளை, செம்பு ஆகிய உலோகங்களை அமிலம் அரித்து உணவில் கலக்கச் செய்யும். ஆதலின் காடியைக் கொதிக்க வைக்கவோ ஊற வைக்கவோ அவற்றைப் பயன்படுத்தலாகாது. கண்ணாடியும் பீங்கானும் மிகவும் நல்லவை. உலோக மூடியாயின், உட்புறப் பூச்சு உரிந்திராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுக்கும்போது கை படாமல் உலர்ந்த, தூய கரண்டியால் எடுக்க வேண்டும். சோற்றில் தோய்ந்த கரண்டியை உள்ளே விட்டால் இரண்டு வாரம் இருக்க வேண்டியது நான்கு நாளில் கெட்டுவிடும். காடி கலங்குதல், நுரை எழுதல், வெங்காயம் வழவழப்பாதல், மேலே பூஞ்சணம் படர்தல், மூடியைத் திறக்கையில் காற்று சீறுதல் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் சுவைத்துப் பாராமல் கொட்டிவிட வேண்டும். வெங்காயம் தீர்ந்தபின் எஞ்சிய காடியில் புதிய வெங்காயத்தை இட்டு மறுமுறை ஊற வைப்பதும் தவறு. முதல் வெங்காயத்தின் நீரால் அது ஏற்கெனவே நீர்த்துவிட்டது. அந்தக் காடியை வெள்ளரிக்காய்ப் பச்சடியின்மேல் இரண்டு கரண்டி தெளித்து அன்றைக்கே உண்ணலாம்.

எதனுடன் உண்பது என்பது அவரவர் விருப்பம். இராஜ்மா, சன்னா, பருப்பு, பராத்தா ஆகியவற்றிற்கு இது இயல்பான துணை. நம் அடைக்கும் தயிர்ச்சோற்றுக்கும் இது மிக நன்றாகப் பொருந்தும். வயிற்றுப்புண்ணும் நெஞ்செரிச்சலும் உடையவர் அளவோடு உண்ண வேண்டும். வெறும் வயிற்றில் உண்பது அவர்களுக்கு ஏற்றதன்று.

வேற்று மாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில் இரண்டு வகை ஊறுகாய்க்கும் இடமுண்டு. ஊரிலிருந்து வரும் நார்த்தங்காயும் மாவடுவும் அலமாரியில் இருக்கட்டும். அவை உப்பினாலும் தம் புளிப்பினாலும் காக்கப்படுவன. காடி வெங்காயம் குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும். அது காடியாலும் குளிராலும் காக்கப்படுவது. புட்டியின்மேல் செய்த தேதியை ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், வீட்டில் யார் எடுத்தாலும் இரண்டு வாரக் கணக்கு தவறாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும், புதிதாக வேலைக்கு வந்து தனியே சமைத்து உண்ணும் இளைஞர்களுக்கும் இச்செய்முறையைச் சொல்லிக்கொடுப்போர், காடியின் அளவையும் இரண்டு வார எல்லையையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பார்களாக.